நெட் போனாலும் பில் நிற்கக் கூடாது

வாசகர் கேள்வி – பதில்: கடையும் இணைய இணைப்பும்

கேள்வி: ஐயா, திண்டுக்கல்லில் நானும் என் கணவரும் ஒரு பலசரக்கு சூப்பர் மார்க்கெட் நடத்துகிறோம். 3 பில் கவுன்ட்டர்கள் இருக்கின்றன. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை 7 மணிக்கு நெட் போய்விட்டது. ஒன்றரை மணி நேரம் பில் போட முடியாததால் பலர் கூடையை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். இப்போது 100 எம்பிபிஎஸ் வேகத் திட்டத்தில் இருக்கிறோம். 300-க்கு மாற்றினால் இந்தத் தொல்லை தீருமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: தீராது அம்மா. பணத்தைச் செலவழிப்பதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று. ஒரு பில்லோ, ஒரு யுபிஐ பரிவர்த்தனையோ எடுத்துக்கொள்ளும் தரவு மிகச் சிறியது. 3 கவுன்ட்டர்களுக்கு உங்களிடம் இருக்கும் வேகமே தாராளம். உங்களுக்குக் குறைவது வேகம் அன்று, அறுந்து போகாத இணைப்பு. மாதத்துக்கு 99.5 சதவீத நேரம் இணைப்பு இருக்கும் என்று ஒரு நிறுவனம் உறுதி சொன்னால் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 30 நாட்களில் உள்ள 720 மணி நேரத்தில் மீதி அரை சதவீதம் என்பது 3.6 மணி நேரம். அது நள்ளிரவில் போனால் யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை மாலையில் போனால் உங்கள் வாரத்தின் வியாபாரத்தையே அசைத்துவிடும்.

இணைப்பை மாற்றுவதற்கு முன் உங்கள் பில்லிங் மென்பொருளைச் சோதித்துப் பாருங்கள். ஒரு நாள் காலையில், கடை திறப்பதற்கு முன், ஃபைபர் மோடத்திலிருந்து ரவுட்டருக்கு வரும் வயரைக் கழற்றி வையுங்கள். (மோடத்துக்குள் நுழையும் மெல்லிய ஃபைபரைத் தொட வேண்டாம், அதன் முனையில் தூசி படிந்தால் வேறு தொல்லை வரும்.) பிறகு ஒரு சோப்பை ஸ்கேன் செய்து பில் அடித்துப் பாருங்கள். விலை வந்து, பில் அச்சாகி, இருப்பும் ஒன்று குறைந்தால், விலைப்பட்டியல் உங்கள் கடைக் கணினியிலேயே இருக்கிறது என்று பொருள். திரை சுற்றிக்கொண்டே நின்றால், ஒவ்வொரு சோப்பின் விலையையும் எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்டுத்தான் உங்கள் கவுன்ட்டர் சொல்கிறது. இந்த இரண்டாம் வகை மென்பொருளைக் கடைக்கு விற்பவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. இணைப்பு இருக்கும்போது சர்வருக்கு அனுப்பி, இல்லாதபோது கடையிலேயே சேர்த்து வைத்து, திரும்பி வந்ததும் வரிசையாக அனுப்பிவிடும் மென்பொருள்கள் இருக்கும்போது, கடையை வயரின் தயவில் நிறுத்த வேண்டியதில்லை.

அப்படிச் சேர்த்து வைக்கும்போது பில் எண்ணில் கவனம் தேவை. தனித்தனியாக இயங்கும் 2 கவுன்ட்டர்கள் ஒரே எண்ணைக் கொடுத்துவிடக் கூடாது. ஜிஎஸ்டி விதிகளின்படி பில் எண் 16 எழுத்துகளுக்கு மிகாமல், தொடர்ச்சியாக, அந்த நிதியாண்டில் மீண்டும் வராததாக இருக்க வேண்டும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. எனவே கவுன்ட்டருக்கு ஒரு வரிசை கொடுத்துவிடுங்கள். ஜிஎஸ்டிக்காக ஒவ்வொரு பில்லுக்கும் இணையம் கட்டாயம் என்று சிலர் சொல்வதையும் நம்ப வேண்டாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் இ-இன்வாய்ஸ், அதாவது அரசின் இணையதளத்தில் பதிவு செய்யும் மின்னணு பில், போட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது ஜிஎஸ்டி பதிவு உள்ள இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லுக்கு உரியது. வீட்டுச் சாமான் வாங்க வருபவருக்குப் போடும் பில்லுக்கு அது பொருந்தாது.

அடுத்தது இரண்டாவது இணைப்பு. இதில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஒரு துணிக்கடைக்கு 2 வெவ்வேறு நிறுவனங்களின் ஃபைபரைப் போட்டுக் கொடுத்துவிட்டு, இனி கவலையில்லை என்று வந்துவிட்டேன். தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன் பாரம் உயர்த்தி ஏற்றிய ஒரு லாரி தெருவில் போனபோது 2 வயர்களையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போய்விட்டது. போய்ப் பார்த்தால் 2 மோடங்களிலும் ஒரே மாதிரி சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கிறது. பில் இரண்டு நிறுவனங்களிடமிருந்து வந்தாலும், வயர்கள் வந்தது ஒரே மின்கம்பம் வழியாக. அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும், முதலில் தெருமுனை வரை நடந்து, வயர் எந்த வழியாக வருகிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். உங்களுக்கு முதல் இணைப்பு ஃபைபர் என்றால், இரண்டாவது 4ஜி சிம்மாக, கடைக்குள் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் நிறுவனத்துடையதாக இருக்கட்டும். ஒன்று போனால் மற்றொன்றுக்குத் தானே மாறும் ரவுட்டரையே வாங்குங்கள். மோடத்தில் விளக்கு எரிந்தால் இணைப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும் ரவுட்டர் உதவாது. மோடம் உயிரோடு இருக்க, அதற்கு அப்பால் நெட் செத்துக் கிடக்கும் நாட்கள் உண்டு. இணையத்தில் உள்ள ஒரு முகவரியைச் சில நொடிகளுக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து முடிவெடுக்கும்படி அதை அமைக்கச் சொல்லுங்கள். மோடம், ரவுட்டர், கணினிகளை ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் மூன்றையும் யுபிஎஸ்ஸில் இணையுங்கள். கணினிகளுக்கெல்லாம் பேட்டரி வைத்துவிட்டு மோடத்தைச் சுவரில் உள்ள சாதாரண பிளக்கில் செருகியிருக்கும் கடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கடையில் நெட் ஒழுங்காக இருக்கும்போதே யுபிஐ நின்றுவிடுகிறது. வாடிக்கையாளர் பணம் போய்விட்டது என்கிறார். எங்கள் சவுண்ட் பாக்ஸ் பேசவில்லை. யாரை நம்புவது? – வாசகர், மதுரை

பதில்: கவுன்ட்டரில் ஒட்டியிருக்கும் அச்சிட்ட க்யூஆர் அட்டைக்கும் உங்கள் கடை நெட்டுக்கும் தொடர்பே இல்லை. வாடிக்கையாளரின் போன், அவருடைய வங்கி, நடுவில் யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் அமைப்பு, உங்கள் வங்கி என்று ஒரு சங்கிலி அது. அதில் எந்தக் கண்ணி நின்றாலும் பணம் நிற்கும். 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் நாடு முழுவதுமே யுபிஐ தடுமாறியது. அந்த நாட்களில் எவ்வளவு நல்ல இணைப்பு வைத்திருந்த கடையும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

சவுண்ட் பாக்ஸுக்குள் பெரும்பாலும் தனியாக ஒரு சிம் இருக்கும். அதன் சிக்னல் குறைந்தால், பணம் வந்திருந்தும் அது பேசாது. எனவே அதன் மௌனத்தை வைத்து வாடிக்கையாளரைச் சந்தேகிக்க வேண்டாம்; அவர் காட்டும் திரையை மட்டும் வைத்து நம்பவும் வேண்டாம். உங்கள் வணிகர் செயலியில் வரவு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதே முறை. அவர் கணக்கில் கழிந்து, உங்களுக்கு உறுதி வரவில்லையென்றால், 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, பரிவர்த்தனை நாளுக்கு அடுத்த 5 நாட்களுக்குள் பணம் தானாக அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. இதைக் கவுன்ட்டரில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வரிசையில் நிற்கும் ஒருவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லத் தெரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

கல்லாவில் சில்லறை வைத்திருப்பதையும் விட்டுவிடாதீர்கள். 2016 நவம்பர் 8-இல் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. கையில் தாள் இல்லை. மின்சாரமும் தொலைபேசி இணைப்பும் விழுந்ததால் அட்டை தேய்க்கும் இயந்திரமும் பல இடங்களில் வேலை செய்யவில்லை. அந்த வாரத்தில் தெருக்கோடி அண்ணாச்சிக் கடைகள் நோட்டில் பற்று எழுதிக்கொண்டு அரிசியும் பாலும் கொடுத்தன. முகம் தெரிந்த கடைக்காரர் இருந்ததால் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.

கேள்வி: 16 கேமராக்கள் வைத்த பிறகு பில்லிங் மந்தமாகிவிட்டது. வாடிக்கையாளர்களுக்கும் அதே வைஃபை பாஸ்வேர்டைத்தான் கொடுக்கிறோம். காரணம் இதுவாக இருக்குமா? – வாசகர், ஈரோடு

பதில்: இருக்கலாம். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று ஏறத்தாழ 2 முதல் 4 எம்பிபிஎஸ் வரை எடுக்கும். 16 கேமராக்களும் படத்தை இணையத்தில் சேமிக்க அனுப்பிக்கொண்டே இருந்தால், மேலேற்றும் வேகத்தில் 64 எம்பிபிஎஸ் வரை அதற்கே போய்விடும். பதிவுப் பெட்டியைக் கடைக்குள்ளேயே வைத்துச் சேமியுங்கள். பில்லிங், கேமரா, வாடிக்கையாளர் வைஃபை மூன்றையும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பிரிக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதை நிறுத்த வேண்டாம். கான்கிரீட் கட்டடத்தின் உள்பகுதியில் அவருடைய போனுக்குச் சிக்னல் கிடைக்காவிட்டால் யுபிஐயும் நடக்காது. ஆனால் பில்லிங் கணினி இருக்கும் பாதையில் வெளியாரின் போனை விடுவது, கல்லாச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போவதைப் போன்றது.

கேள்வி: 2 ஊர்களில் கடை வைத்திருக்கிறோம். வாட்ஸாப்பிலும் ஆர்டர் எடுக்கிறோம். இருப்பு இருக்கிறது என்று கணினி காட்டும் பொருள் ரேக்கில் இருப்பதில்லை. – வாசகர், நாகர்கோவில்

பதில்: கிளைகளின் விற்பனை எப்போது தலைமைக் கணினிக்கு வந்து சேர்கிறது என்று பாருங்கள். இரவு ஒருமுறைதான் வருகிறது என்றால், பகல் முழுவதும் நேற்றைய இருப்பைப் பார்த்துத்தான் ஆர்டர் எடுக்கிறீர்கள். அமெரிக்காவின் பெரிய கடைத்தொடரான வால்மார்ட் 1987-இலேயே தன் கடைகளைச் செயற்கைக்கோள் வழியாகத் தலைமையகத்துடன் இணைத்தது. உங்களுக்கு அதே வேலையை ஒரு சாதாரண ஃபைபர் செய்துவிடும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை விற்பனை வந்து சேரும்படி அமைத்து, கடைசியாக எப்போது வந்தது என்ற நேரம் ஆர்டர் எடுப்பவரின் திரையில் தெரியும்படி செய்யுங்கள். அந்த நேரம் பழையதாக இருந்தால், ஆர்டரை ஏற்பதற்கு முன் கிளைக்குப் போன் செய்து, பொருள் ரேக்கில் இருக்கிறதா என்று ஒருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.