தென்னாப்பிரிக்காவில் வீட்டுத் தோட்டத்தில் கேல் (kale) என்ற இலைக் காய்கறியை வளர்க்க முடியுமா? நம் சமையலுக்கு அது ஒத்துவருமா?

முடியும், ஒத்தும் வரும். ஆனால் அதைக் கீரை என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்தால் தோட்டத்திலும் தோற்பீர்கள், அடுப்படியிலும் தோற்பீர்கள். நான் இரண்டிலும் தோற்றவள்.

மன்னார்குடியிலிருந்து டர்பனுக்கு வாக்கப்பட்டு வந்து பதினாறு வருடம் ஆகிறது. வீடு சாட்ஸ்வொர்த்தில், மேட்டுச் சரிவில். பின்பக்கம் மூன்று படிகளாக வெட்டிய நிலம். என் கணவரின் முன்னோர்கள் கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் வந்து, அது முடிந்ததும் காய்கறி பயிரிட்டு டர்பன் சந்தையில் விற்றவர்கள். அந்த வீட்டு மருமகளுக்கு ஒரு கீரைப் பாத்தி போடத் தெரியாதா என்ற தைரியத்தில் கேல் விதையை செப்டம்பரில் தூவினேன். இங்கே அது வசந்த காலம். எல்லாம் துளிர்க்கும் சமயம். கேலும் துளிர்த்தது. நவம்பரில் வெயிலும் புழுக்கமும் ஏறியதும் இலை தடித்துக் கசந்தது. பிறகு கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி வைத்த சின்ன நாவாய்ப்பூச்சிகள் கூட்டமாக வந்து சாற்றை உறிஞ்சின. பக்ராடா என்று அதற்குப் பெயர். கோஸ் வகைச் செடி என்றால் விடாது. இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக வெளிறி, கிறிஸ்துமஸுக்குள் பாத்தி காலி.

தமிழில் சிலர் இதைப் பரட்டைக்கீரை என்று எழுதுகிறார்கள். கோளாறே அந்தப் பெயரில்தான் இருக்கிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ராக்கோலி, நூல்கோல், கேல் எல்லாம் தாவரவியலில் ஒரே இனம். கேல் என்பது தலை கட்டாத கோஸ். குளிர்காலப் பயிர். டர்பனில் குளிர் என்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். தமிழ்நாட்டு மாதக் கணக்கை இங்கே தலைகீழாகப் பிடிக்க வேண்டும். இப்போது தைப்பூசக் காவடி முடிந்த பிறகு, பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச்சிலோ தட்டில் நாற்று விடுகிறேன். ஐந்தாறு வாரத்தில் பிடுங்கி, முக்கால் முழ இடைவெளியில் நடுகிறேன். மக்கிய கோழி எரு தாராளமாகப் போடலாம். புளிப்பு மண் இதற்கு ஆகாது. எங்கள் மண் அப்படி என்பதால் நடுவதற்கு ஒரு மாதம் முன்பே தோட்டச் சுண்ணாம்பு கலந்துவிடுகிறேன்.

நாற்று நட்ட முதல் இரண்டு வாரம் மட்டும் வலை போட்டு மூடிவையுங்கள். காரணம் பூச்சி இல்லை, குரங்கு. சாம்பல் உடம்பும் கறுத்த முகமும் கொண்ட வெர்வெட் குரங்குகள் டர்பனில் சுவர் சுவராகத் தாவி வரும். தின்பதற்காகக்கூட இல்லை, சும்மா பிடுங்கிப் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டுப் போகும்.

பறிக்கும்போது அடியிலிருந்து பறிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு செடியில் இரண்டு மூன்று இலை, அவ்வளவுதான். உச்சியில் ஐந்தாறு இலையைத் தொடவே கூடாது. இப்படியே போனால் மே முதல் செப்டம்பர் வரை வரும். தண்டு முழுக்க இலைத் தழும்புகளோடு, உச்சியில் மட்டும் கொண்டை வைத்துக்கொண்டு, கடைசியில் ஒவ்வொரு செடியும் குட்டிப் பாக்கு மரம் போல நிற்கும். உறைபனி பட்டால் கேல் இனிக்கும் என்று விதை உறையில் போட்டிருப்பார்கள். உண்மைதான், குளிரில் இலையில் சர்க்கரை கூடும். ஆனால் டர்பன் கடற்கரையில் உறைபனிக்கு எங்கே போவது? அந்த இனிப்பை நான் எதிர்பார்ப்பதில்லை.

ரகத்தில் என் ஓட்டு நீள இலை டஸ்கன் கேலுக்கு. சுருட்டை ரகம் பார்க்க அழகு. அந்தச் சுருட்டைக்குள்தான் அசுவினிப் பூச்சி குடியிருக்கும். சாம்பல் பூசியது போல மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் போகாது. உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் தலைகீழாக அமுக்கிவைத்து, ஒவ்வொரு மடிப்பையும் கட்டைவிரலால் விரித்து அலச வேண்டும். டஸ்கனில் இலையைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இனி அடுப்படி. முதல் வருடம் பிழைத்த நாலு இலையை முளைக்கீரை போல வேகவைத்து மத்தால் கடைந்தேன். கடையக் கடைய நார் மத்தில் சுற்றிக்கொண்டதே தவிர மசியவில்லை. தட்டில் வைத்ததை என் மாமியார் வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். கீரை எதுவானாலும் ‘ஹெர்ப்ஸ்’ என்பது இங்கே வழக்கம். அவரும் அப்படித்தான் சொல்வார்.

“இது ஹெர்ப்ஸ் இல்லை, பெண்ணே. கோஸ். கோஸை யாராவது கடைவார்களா?”

“சரி அத்தை, நாளைக்குப் பொரியல் செய்கிறேன்” என்றேன். அதுதான் இன்றுவரை எங்கள் வீட்டு முறை. காம்பை இடது கையில் பிடித்து, வலது கை இரண்டு விரலால் இலையைக் கீழ்நோக்கி ஓர் இழு. நடு நரம்பு தனியாக வந்துவிடும். பன்னிரண்டு இலையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுருட்டி, கோஸைப் போலப் பொடியாக அரியவும். கடுகு, உளுந்து, இரண்டு வரமிளகாய், ஒரு வெங்காயம் தாளித்து, அரை மணி ஊறிய கடலைப்பருப்பு ஒரு கைப்பிடியும் இலையும் உப்பும் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள். பன்னிரண்டு நிமிடம். கீரைக்கு இது அநியாய நேரம்; கேலுக்கு இதுதான் நியாயம். தேங்காய்த் துருவல் கடைசியில். பருப்போடு குழம்பாக வைப்பதென்றால் புளியை இறக்கும் சமயத்தில் விடுங்கள், முதலிலேயே விட்டால் பச்சை போய்ப் பாசி நிறம் வந்துவிடும்.

பக்கத்து வீட்டு ஜூலு பாட்டி, எல்லோருக்கும் அவர் கோகோ, நான் கொடுக்கும் இலையை மக்காச்சோள மாவோடு கிண்டிச் சாப்பிடுவார். வெறும் சோள மாவை உதிர் உதிராகக் கிண்டினால் அதற்கு ஊப்புத்து என்று பெயர். பார்த்தால் நம் புட்டேதான், பெயர்கூட! அதற்குக் கேல் பொரியல் தொட்டுக்கொண்டால் சோற்றைத் தேட மாட்டீர்கள்.

உடம்புக்கு நல்லதா என்று அடுத்துக் கேட்பீர்கள். பசலையில் ஆக்சலேட் அதிகம் என்பதால் அதன் கால்சியம் நமக்குப் பெரும்பாலும் ஒட்டாது; கேலில் அந்தத் தொல்லை குறைவு. ஒரே எச்சரிக்கை, இதில் வைட்டமின் கே மிக அதிகம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. என் மாமனார் அந்த மாத்திரைக்காரர். மருத்துவரிடம் கேட்டு, வாரம் இரண்டு நாள், ஒரே அளவு என்று வைத்திருக்கிறோம்.

கடைசிப் பறிப்பு புரட்டாசி விரதச் சமையலுக்குப் போகும். அதன்பின் வெயில் ஏறுவதற்குள், நாவாய்ப்பூச்சிக்கு விருந்து வைக்காமல், செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் வெண்டை போடுகிறேன். மிச்ச இலையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் கோகோவின் கோழிகளுக்கு.