பறவை மோதி விமானம் திரும்பினால் நமக்கு என்ன சேர வேண்டும்?

கேள்வி: கோவையிலிருந்து டெல்லிக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். விமானம் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் இடப்பக்கம் 'டம்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஏதோ கருகிய வாடை. ஆனாலும் விமானி நிறுத்தாமல் மேலே கொண்டுபோய்விட்டார். வெகு நேரம் கழித்துத்தான் பறவை மோதியதாகவும் திரும்புவதாகவும் அறிவிப்பு வந்தது. ஏன் தரையிலேயே நிறுத்தவில்லை? எங்களிடம் ஏன் உடனே சொல்லவில்லை? — வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் விமானி செய்ததுதான் சரி. ஓடுதளத்தில் ஓடும் விமானத்துக்கு 'வி ஒன்' என்று ஒரு வேகக் கணக்கு உண்டு. விமானத்தின் எடை, ஓடுதளத்தின் நீளம், காற்று, வெயில் எல்லாவற்றையும் பார்த்து ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பே அதைக் குறித்துவைப்பார்கள். அந்த வேகத்துக்குள் பெரிய கோளாறு வந்தால் பிரேக் போட்டு நிறுத்தலாம். தாண்டிவிட்டால் மிச்சமிருக்கும் ஓடுதளம் போதும் என்று நம்ப முடியாது. ஒரு இன்ஜினே போனாலும் எழும்பித்தான் ஆக வேண்டும். இரண்டு இன்ஜின் விமானம் ஒற்றை இன்ஜினில் ஏறி, பறந்து, இறங்க முடியும் என்று காட்டித்தான் சான்றிதழே வாங்குகிறது.

மோதிய பிறகு காக்பிட்டில் வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் விமானத்தை நிதானமாகப் பறக்கவைப்பது, அடுத்து எங்கே போவது என்று முடிவெடுப்பது, அதற்குப் பிறகுதான் பேச்சு. ஒருவர் ஓட்டுவதில் மட்டும் கண்ணாக இருப்பார். மற்றவர் இன்ஜினின் அதிர்வு ஏறியிருக்கிறதா, வெப்பம் கூடுகிறதா, விசிறி சரியாகச் சுற்றுகிறதா, வேகம் காட்டும் கருவிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, அதற்குரிய செக்லிஸ்ட்டைப் படிப்பார். பிறகு கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தகவல், அப்புறம் கேபின் குழுவின் தலைவரிடம் என்ன ஆயிற்று, என்ன செய்யப்போகிறோம், எத்தனை நிமிடம் இருக்கிறது என்று சொல்வது. பயணிகளுக்கான அறிவிப்பு கடைசியில்தான் வரும். உங்களுக்குப் பதற்றமாக இருந்த அந்த மௌனத்தில் முன்னால் இரண்டு பேர் உங்களுக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கருகிய வாடைக்கும் காரணம் உண்டு. பெரும்பாலான விமானங்களில் கேபினுக்குள் வரும் காற்று இன்ஜினிலிருந்து எடுக்கப்படுவது. பறவை உள்ளே போய் அரைபட்டால் அந்த வாடை நம் இருக்கைவரை வரும். அதனாலேயே தீப்பிடித்துவிட்டது என்று ஆகாது. ஆனால் ஜன்னல் வழியாக நெருப்பையோ தீப்பொறியையோ பார்த்தால் பணிப்பெண்ணிடம் சொல்லத் தயங்காதீர்கள். காக்பிட்டிலிருந்து இறக்கைக்குக் கீழே இருக்கும் இன்ஜின் தெரியாது.

2022 ஜூன் 19 அன்று பாட்னாவிலிருந்து டெல்லி கிளம்பிய ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் நடந்தது இதுதான். எழும்பும்போதே முதல் இன்ஜினில் பறவை மோதியிருக்குமோ என்று விமானிகளுக்குச் சந்தேகம் வந்தது. கருவிகளில் வித்தியாசம் எதுவும் தெரியாததால் தொடர்ந்து மேலே ஏறினார்கள். இன்ஜினில் தீப்பொறி தெரிகிறது என்று கேபின் குழு சொன்ன பிறகு, கேப்டன் மோனிகா கன்னா அந்த இன்ஜினை அணைத்துவிட்டு, மீதி ஒன்றோடு பாட்னாவிலேயே இறக்கினார். 185 பயணிகளும் பத்திரம். சோதித்தபோது மூன்று விசிறித் தகடுகள் சேதமாகியிருந்தன.

இறங்கும் நேரத்தில் பறவைக் கூட்டம் குறுக்கே வந்தால் நியாயம் வேறு. ஏறக்குறைய ஓடுதளத்தைத் தொட்டுவிட்ட நிலையில், திரும்ப மேலே ஏற்றுவதைவிட அப்படியே இறக்கிவிடுவது பெரும்பாலும் நல்லது. மேலே ஏற முழு விசை கொடுத்தால், பறவைகளை விழுங்கிய இன்ஜினுக்குச் சேதம் அதிகமாகும். 2008 நவம்பரில் ரோம் நகரின் சாம்பினோ விமான நிலையத்தில் ரயன்ஏர் விமானம் ஒன்று ஸ்டார்லிங் பறவைக் கூட்டத்துக்குள் மாட்டியது. விமானிகள் மேலே ஏற முயன்றார்கள், இரண்டு இன்ஜின்களும் விசை இழந்தன. விமானம் பலமாகத் தரையில் மோதி இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லாமல் போனது பெரிய விஷயம்.

இரண்டு இன்ஜினும் போவது மிக அபூர்வம். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் கனடா வாத்துகள் மோதி அப்படி ஆனபோது, ஹட்சன் ஆற்றில் இறக்க கேப்டன் சல்லன்பெர்கருக்குக் கிடைத்தது சுமார் மூன்றரை நிமிடம். துணை விமானி ஸ்கைல்ஸ் கையிலிருந்த செக்லிஸ்ட் மிக உயரத்தில் பறக்கும்போது வரும் கோளாறுக்காக எழுதப்பட்டது, அதைப் படித்து முடிக்கக்கூட நேரமில்லை. 155 பேரும் பிழைத்தார்கள்.

கேள்வி: அதே பயணம்தான். இறங்கியபின் நான்கு மணி நேரம் சோதித்துவிட்டு 'விமானம் சரியாக இருக்கிறது' என்றார்கள். அதற்குப் பிறகு, விமானிகளின் பணி நேரம் முடிந்துவிட்டது, வேறு ஊரிலிருந்து ஆள் வர வேண்டும் என்று இன்னும் ஐந்து மணி நேரம். நஷ்டஈடு கேட்டால் 'பறவை மோதல், எங்கள் கையில் இல்லை' என்று ஒரே வரியில் பதில் வருகிறது. விட்டுவிடுவதா?

பதில்: விடாதீர்கள். ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்து கேளுங்கள்.

முதல் நான்கு மணி நேரத்தைப் பற்றி நான் சண்டை போடமாட்டேன். மூக்கு, இறக்கை விளிம்பு, சக்கரப் பகுதி, வேகமானிக் குழாய்கள் எல்லாம் பார்த்து, இன்ஜினுக்குள் சிறு கேமரா விட்டு ஒவ்வொரு தகடாகச் சோதிக்க நேரம் பிடிக்கும். அதை அவசரப்படுத்தச் சொல்லவே கூடாது. அடுத்த ஐந்து மணி நேரத்துக்குப் பறவையா காரணம்? இங்கேதான் கேள்வி.

விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி, உரிய முன்னறிவிப்பு இல்லாமல் விமானம் ரத்தானால் பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய், இல்லையென்றால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது இழப்பீடு. நிறுவனத்தின் கைமீறிய காரணம் என்றால் இது கிடையாது. பறவை மோதலை அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். தாமதத்தின்போது தரும் சாப்பாட்டுக்கும் ஹோட்டல் அறைக்கும்கூட இதே விலக்கைக் காட்டலாம். ஆனாலும் கவுன்ட்டரில் கேளுங்கள், கேட்டவர்களுக்குப் பல சமயம் கொடுக்கிறார்கள். உள்நாட்டுப் பயணம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், மாற்று விமானம் வேண்டுமா முழு ரீஃபண்ட் வேண்டுமா என்று உங்களிடம் கேட்க வேண்டும். உங்களிடம் அப்படி யாரும் கேட்கவில்லை என்றால் அதுவே முதல் புகார்.

விமானம் எத்தனை மணிக்குப் பறக்கத் தகுதி என்று சான்று பெற்றது, அதற்குப் பிறகான தாமதத்துக்குக் காரணம் என்ன என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலை வைத்துக்கொண்டு விமானப் பயணிகளின் குறைகளுக்கான அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யுங்கள், 1915 நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஜெயிப்பது நிச்சயம் என்று சொல்லமாட்டேன், ஆனால் கேட்கத் தகுந்த நியாயம் உங்களிடம் இருக்கிறது.

கேள்வி: மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். அங்கே இந்த மாதிரி ஆனால் சட்டம் எப்படி? — வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஜெர்மனியும் சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தில் இதே மாதிரி வழக்கு நடந்தே இருக்கிறது. 2013 ஆகஸ்ட் 10 அன்று பல்கேரியாவின் பர்காசிலிருந்து செக் நாட்டின் ஒஸ்த்ராவா போன விமானம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாமதம். அதற்கு முந்தைய ஒரு பயணத்தில், செக் நாட்டின் ப்ர்னோ நகரில் இறங்கும்போது பறவை மோதியிருந்தது. உள்ளூரில் ஒரு நிறுவனம் சோதித்து முடித்துவிட்டது. அந்தச் சோதனையை விமானத்தின் உரிமையாளர் ஏற்கவில்லை என்று வேறு ஊரிலிருந்து ஒரு டெக்னீஷியனைக் காரில் வரவழைத்து மறுபடி பார்த்தார்கள்.

2017 மே 4 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பறவை மோதல் அசாதாரணச் சூழ்நிலைதான், அதற்கு இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் தகுதியுள்ள ஒருவர் ஏற்கெனவே சோதித்துச் சரி என்ற பிறகு செய்த இரண்டாவது சோதனையின் நேரத்தைப் பறவையின் கணக்கில் எழுத முடியாது. பறவையால் ஆன நேரத்தைக் கழித்து, மீதி மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால் இழப்பீடு உண்டு. அந்த வழக்கில் ஆளுக்கு 250 யூரோ கேட்டிருந்தார்கள். அங்கே சாப்பாடும் தங்குமிடமும் எந்தக் காரணத்தாலும் மறுக்க முடியாதவை. ரசீதுகளை மகள் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

கேள்வி: அடுத்த முறை டிக்கெட் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இணைப்பு விமானம் இருந்தால் ஒரே பிஎன்ஆரில் வாங்குங்கள். சில நூறு ரூபாய் மிச்சம் என்று தனித்தனி டிக்கெட் எடுத்தால், முதல் விமானம் திரும்பியதும் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போய்விடும், கேட்க ஆள் இருக்காது. கல்யாணம், நேர்காணல், விசா என்று தவற விட முடியாத வேலை என்றால் அன்றைய கடைசி விமானத்தைத் தவிர்த்துவிடுங்கள். காலையில் திரும்பினால் மாற்ற இன்னும் சில விமானங்கள் இருக்கும், இரவில் இருக்காது. புக்கிங் பக்கத்தில் காட்டும் காப்பீட்டில், எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பணம், எந்தக் காரணங்களுக்கு என்ற இரண்டு வரிகளை மட்டுமாவது படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் வீடு விமான நிலையத்துக்குப் பக்கம். இறைச்சிக் கழிவைத் தெருமுனையில் கொட்டுகிறார்கள், பருந்துகள் வட்டமடிக்கின்றன. யாரிடம் சொல்வது? — வாசகர், பல்லாவரம்

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளில் 91-வது விதி, விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி விலங்குகளை அறுப்பதையும் கழிவு கொட்டுவதையும் தடை செய்கிறது. இடம், நேரம் தெரியும்படி படம் எடுத்து மாநகராட்சிக்கு எழுத்தில் கொடுங்கள், விமான நிலைய இயக்குநருக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.