டூவீலர் இன்சூரன்ஸ்: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய டூவீலர் இன்சூரன்ஸ் கேள்விகளுக்கு இந்த முறை பதில். பிரீமியத்தை எப்படிக் குறைப்பது என்று கேட்டவர்கள் பலர். கம்பெனி அலையவிடுகிறது என்று மனம் நொந்து எழுதியவர்களும் அதே அளவு இருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

என்னிடம் ஒன்பது வருடப் பழைய ஸ்பிளெண்டர் இருக்கிறது. ஒரு ஏஜெண்ட் 843 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 1,400 கேட்கிறார். வாட்ஸ்அப்பில் ஒருவர் 500 ரூபாய்க்கே போட்டுத் தருகிறேன் என்கிறார். யாரிடம் போடுவது?
– வாசகர், பாலக்கோடு

முதலில் அந்த 500 ரூபாய்க்காரரை விட்டுவிடுங்கள். உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடுதான் தேர்டு பார்ட்டி. அதன் பிரீமியத்தை எந்தக் கம்பெனியும் தன் விருப்பப்படி வைப்பதில்லை. மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 75 சிசி வரை 538 ரூபாய், அதற்கு மேல் 150 சிசி வரை 714, 350 சிசி வரை 1,366, அதையும் தாண்டினால் 2,804. இதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஸ்பிளெண்டரும் சரி, எக்ஸ்எல் 100 வண்டியும் சரி, 714 ரூபாய் வரிசையில்தான் வரும். வரியோடு 843. அரசுக் கம்பெனியில் போட்டாலும் தனியாரில் போட்டாலும் இதே தொகைதான். இதற்குக் கீழே ஒருவர் கேட்டால், பாலிசி போலியாக இருக்கும், அல்லது உங்கள் வண்டியை வேறு வகை வண்டியாகக் காட்டியிருப்பார்கள். வழியில் மடக்கும் போலீஸிடம் அந்தக் காகிதம் ஒருவேளை செல்லுபடியாகலாம். விபத்து நடந்து இழப்பீட்டு வழக்கு வரும்போது செல்லாது. ஏற்கெனவே அப்படி எடுத்தவர்கள் இன்றே பாலிசியில் உள்ள எஞ்சின் எண், சேசிஸ் எண், சிசி மூன்றையும் ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எம்பரிவாகன் செயலியில் உங்கள் வண்டிக்கு இன்சூரன்ஸ் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து 843க்கும் 1,400க்கும் உள்ள வித்தியாசம். 843 என்பது வெறும் தேர்டு பார்ட்டி. அதாவது மற்றவரின் பாதிப்புக்கு மட்டும். வண்டி ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒன்று உண்டு. லைசென்ஸ் வைத்திருக்கும் உரிமையாளருக்கு இது கட்டாயம். வேறு எங்காவது 15 லட்சத்துக்குக் குறையாமல் விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால் மட்டும் விலக்கு. 843 சொன்னவர், உங்களிடம் ஏற்கெனவே அப்படி ஒன்று இருப்பதாகப் படிவத்தில் டிக் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். உண்மையில் இருந்தால் சரி. இல்லாவிட்டால், தொப்பூர் கணவாயில் உங்களுக்கு ஏதாவது ஆனால் வீட்டுக்கு வர வேண்டிய 15 லட்சத்தை ஒரு டிக்கில் விட்டுக்கொடுத்தவர் ஆகிறீர்கள். சம்பாதிப்பவர் ஒருவரே இருக்கும் வீட்டில் இதை விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு வண்டி இருந்தால் ஒன்றில் எடுத்தால் போதும், இரண்டிலும் கட்ட வேண்டாம். அங்கே பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில், பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு கம்பெனிக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. சொந்த வண்டியின் சேதத்தையும் சேர்த்து எடுக்கும், ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் பாலிசியில் அந்தப் பொறுப்பு உண்டு. மனைவியையோ பிள்ளையையோ தினமும் பின்னால் ஏற்றிச் செல்பவர், வண்டி பழசு என்ற ஒரே காரணத்துக்காக தேர்டு பார்ட்டியோடு நிற்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். ஆகவே அந்த 1,400 ரூபாய்க்காரரிடம், எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கூடுதலாகக் கேட்கும் 557 ரூபாயில் விபத்துக் காப்பீடு இருக்கிறதா, வண்டிச் சேதத்துக்கான பகுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புது ஸ்கூட்டர் புக் செய்திருக்கிறேன். ஷோரூமில் அவர்களிடம்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ரிஜிஸ்ட்ரேஷன் தாமதமாகும் என்கிறார்கள். தொகையும் அதிகமாகத் தெரிகிறது.
– வாசகி, ஓசூர்

கட்டாயப்படுத்த அவர்களுக்கு உரிமை இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி தெளிவாகவே இருக்கிறது. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வாங்கி நீங்களே வெளியே பாலிசி எடுத்துக் கொடுக்கலாம்.

2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி கட்டாயம். 75 முதல் 150 சிசி வரையிலான வண்டிக்கு அது 3,851 ரூபாய், வரியோடு 4,544. இதில் யாராலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது. அதற்கு மேல் ஷோரூம் கேட்பது வண்டிச் சேதத்துக்கான ஒரு வருடப் பகுதி, விபத்துக் காப்பீடு, அப்புறம் கூடுதல் கவர்கள். பேரம் பேச இடம் இருப்பது இங்கேதான். பஞ்சர் உதவி, ஆயில் நட்டு போல்ட் செலவு, சாவி தொலைந்தால் பணம் என்று நாலைந்து சேர்த்திருப்பார்கள். புது வண்டிக்கு, பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டெப் மட்டும் எடுங்கள் என்பேன். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான் வரும். ஸ்கூட்டரில் கீழே விழுந்தால் முதலில் உடைவது பிளாஸ்டிக்தானே.

ஷோரூம் பாலிசியில் ஒரு நியாயமான வசதி உண்டு. அங்கேயே விட்டால் ரொக்கம் இல்லாமல் வேலை நடக்கும். வெளியில் வாங்கும் கம்பெனிக்கும் அதே சர்வீஸ் சென்டரில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்த வருடத்துக்கும் இப்போதே ஒரு குறிப்பு. "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சு" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஐந்து வருடம் ஓடுவது தேர்டு பார்ட்டி மட்டும். வண்டிச் சேதத்துக்கான பகுதி ஒரு வருடத்தில் முடிந்துவிடும். அதைத் தனியாக, வேறு கம்பெனியில்கூட, புதுப்பிக்கலாம். இரண்டாம் வருடத்தில் வண்டி திருடு போய், பாலிசி இருக்கிறது என்று நம்பி வந்து ஏமாறுபவர்கள் நிறைய.

மழைவெள்ளத்தில் பைக் முழுக மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் தம்பி கிக் அடித்துப் பார்த்தான், எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தும் எஞ்சினுக்குப் பணம் தர மாட்டோம் என்கிறார்கள். போனில் கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு ஆள், வேறு பதில்.
– வாசகர், ஊத்தங்கரை

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது உங்கள் ஊரில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டி, நிறுத்தியிருந்த வண்டிகளையே வெள்ளம் இழுத்துப்போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. வெள்ளச் சேதம் ஃபுல் பாலிசியில் உண்டு. வயரிங், மீட்டர், பேரிங், ஆயில் மாற்றிச் சுத்தம் செய்யும் வேலை எல்லாம் அதில் வரும். சிக்கல் எஞ்சினில். உள்ளே தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தை, வெள்ளத்தின் நேரடிச் சேதமாக அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. எஞ்சின் பாதுகாப்புக் கவர் தனியாக எடுத்தவர்களுக்கு அதிலிருந்து கிடைக்க வாய்ப்புண்டு. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், செல்ஃபைக்கூடத் தொடாதீர்கள். அப்படியே போட்டோ எடுத்து, தள்ளியோ ஏற்றியோ சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

உங்கள் விஷயத்தில் இனி போன் பேசுவதை நிறுத்திவிட்டு எழுத்துக்கு வாருங்கள். பாலிசியின் எந்த நிபந்தனைப்படி எந்தப் பாகத்துக்கு மறுக்கிறீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலையும் கேளுங்கள். எஞ்சினைக் காட்டி மற்ற வேலைகளுக்கான பணத்தையும் சேர்த்து நிறுத்தியிருந்தால், அதை உடனே விடுவிக்கச் சொல்லிக் கேட்பது நியாயம். எஞ்சின் உண்மையில் கிக் அடித்ததால் போனதா, உள்ளே தேங்கிய தண்ணீரால் ஏற்கெனவே கெட்டிருந்ததா என்பதற்கு உங்கள் மெக்கானிக்கிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். வழக்கே அதில்தான் நிற்கிறது.

பதில் வரவில்லையா? கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள், அவர் முகவரி பாலிசியிலேயே இருக்கும். இரண்டு வாரத்தில் தீர வேண்டும். தீராவிட்டால் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியுங்கள், அல்லது 155255-க்கு அழையுங்கள். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்புட்ஸ்மேன். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அவர் தரும் உத்தரவுக்குக் கம்பெனி கட்டுப்பட வேண்டும், நீங்கள் ஏற்காமல் விடலாம். மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அங்கே இரண்டு வருடம் வரை அவகாசம். ஆனால் அங்கே வழக்கு நடக்கும்போது ஆம்புட்ஸ்மேன் உங்கள் புகாரை எடுக்க மாட்டார். முதலில் ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள் என்பதே என் யோசனை.

பஸ் ஸ்டாண்டில் நிறுத்திய பைக் காணாமல் போனது. அன்றே ஸ்டேஷனில் சொன்னேன். கம்பெனிக்குத் தகவல் சொல்ல எட்டு நாள் ஆகிவிட்டது. தாமதம் என்று மறுக்கிறார்கள்.
– வாசகர், அரூர்

அன்றே போலீஸில் சொன்னது உங்கள் பக்கம் பெரிய பலம். எஃப்ஐஆர் உடனே போட்டிருந்தால், கம்பெனிக்குச் சொன்னதில் தாமதம் என்ற ஒரே காரணத்தை வைத்துத் திருட்டு கிளைமை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

ஆனால் உங்கள் கையில் இருப்பது எஃப்ஐஆரா, புகார் வாங்கியதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீதா என்று பாருங்கள். சிஎஸ்ஆர் மட்டும் போதாது. எஃப்ஐஆர் வாங்குங்கள், பிறகு வண்டி கண்டுபிடிக்கப்படவில்லை என்ற போலீஸ் சான்றும் வேண்டும். இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று முன்பே தொலைந்திருந்தால் உண்மையை அப்படியே எழுதுங்கள். டூப்ளிகேட் போட்டுக் கொடுத்து மாட்டிக்கொண்டால் நல்ல கிளைமும் கெடும்.

கீழே விழுந்ததில் பிளாஸ்டிக் பாகங்கள் 1,800 ரூபாய்க்கு மாற்ற வேண்டும். கிளைம் போடலாமா?
– வாசகர், பென்னாகரம்

ஜீரோ டெப் இல்லையென்றால் வேண்டாம். பாதி தேய்மானத்தில் போகும், கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டிய 100 ரூபாயும் கழியும். கைக்கு வருவது 800. ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் 50 சதவீத நோ கிளைம் போனஸ் (வண்டிச் சேதப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) சேர்த்திருப்பவர் அதை இழந்து மறுபடி 0, 20, 25, 35, 45 என்று ஏறி வர வேண்டும். வண்டிச் சேதப் பிரீமியம் 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட, அந்த ஐந்து வருடத்தில் கூடுதலாகக் கட்டுவது 1,000 ரூபாய்.

பாலிசி முடிந்து இருபது நாள் ஆகிவிட்டது. என்ன செய்வது?
– வாசகர், தருமபுரி

புதுப்பிக்கும் வரை வண்டியை எடுக்காதீர்கள். அபராதம் முதல் முறை 2,000, மறுமுறை 4,000 ரூபாய். சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அதைவிட முக்கியம், இந்த இடைவெளியில் யார் மேலாவது மோதினால் இழப்பீடு முழுவதும் உங்கள் சொத்திலிருந்து போகும். 90 நாளுக்குள் புதுப்பித்தால் நோ கிளைம் போனஸ் போகாது.

பெங்களூரில் கேஏ பதிவு பைக் வாங்கினேன். இன்சூரன்ஸ் இன்னும் பழைய ஓனர் பெயரிலேயே இருக்கிறது. முடியும்போது மாற்றிக்கொள்ளலாமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

கூடாது. வாங்கிய 14 நாளுக்குள் பெயர் மாற்றம் கேட்டுக் கம்பெனிக்கு எழுத வேண்டும். விற்றதோடு தேர்டு பார்ட்டி தானாக உங்களுக்கு மாறியதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வண்டிச் சேதமும் திருட்டும் அப்படி மாறாது. அதற்கு மறுக்க அவர்களுக்கு வலுவான காரணம் கிடைத்துவிடும். விபத்துக் காப்பீடும் பழைய ஓனருக்கானது, உங்களுக்குப் புதிதாக எடுக்க வேண்டும்.

பழைய ஓனரின் நோ கிளைம் போனஸும் உங்களுக்கு வராது. அது வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. உங்கள் பழைய வண்டியை விற்றிருந்தால், அதன் கம்பெனியிடம் போனஸ் சான்று வாங்கி இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்துக்கான சிறு கட்டணத்தைவிட அதில் மிச்சமாவது அதிகமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டுவதாக இருந்தால் இங்கே மறுபதிவும் செய்ய வேண்டும். புது எண் வந்ததும் அதையும் பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள்.