குளக்கட்டும் சோளகமும்: வன்னியில் சைக்கிள் ஓடுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வாங்கிய சைக்கிள் தாழ்வாரத்தில் சும்மா நிற்கிறது. ஏ9 வீதியில் பேருந்துகளுக்கு நடுவே ஓடப் பயமாக இருக்கிறது. காலையில் ஒன்றரை மணித்தியாலம் அமைதியாக ஓடக்கூடிய பாதை ஏதும் உண்டா, ஐயா? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: உங்கள் ஊரில் இருப்பவருக்கு இரணைமடுக் குளத்தை விட நல்ல தொடக்கம் வேறில்லை. கனகராயன் ஆற்றை மறித்து இன்றுள்ள குளத்தைக் கட்டும் வேலை 1902 இல் தொடங்கியது. அதிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் ஓரமாக, நெல் ஏற்றவும் பசளை கொண்டுபோகவும் கமக்காரர் பயன்படுத்தும் கிறவல் பாதைகள் வயல்வெளி முழுவதும் ஓடுகின்றன. வரைபடம் பார்த்து மனனம் செய்யத் தேவையில்லை. தண்ணீர் ஓடும் திசைக்கு எதிராக வாய்க்காலைப் பிடித்துச் சென்றால் கடைசியில் குளத்து நீரைத் திறந்துவிடும் துருசடியில் போய் நிற்பீர்கள். திரும்பும்போது தண்ணீரோடு கூடவே வந்தால் போதும். வாய்க்கால் மிக மெல்லிய சரிவில் வெட்டப்படுவது என்பதால், அதன் ஓரப் பாதையிலும் மூச்சு வாங்கும் ஏற்றம் எதுவும் இராது. புதிதாகத் தொடங்குபவருக்கு இது பெரிய வசதி.

குளக்கட்டில் ஏறியதும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிச் செல்லுங்கள். காலையில் அங்கே நடப்பவர்களும் மீன் வாங்க வருபவர்களும் இருப்பார்கள். கட்டின் ஒருபுறம் அலைகரை, மறுபுறம் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல்; அந்த இடத்தை விரைவாகக் கடந்துபோவதில் என்ன இலாபம்? மாரியில் மட்டும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். 2018 டிசம்பரில் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கீழ்ப்புறத்து ஊர்கள் நீரில் மூழ்கியதை நீங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில், வீதியைக் குறுக்கறுத்து ஓடும் நீர் கணுக்காலளவுதான் என்று தோன்றினாலும் அதற்குள் சைக்கிளை இறக்காதீர்கள்.

கேள்வி: நண்பர்கள் நால்வர் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரைக்கு ஓட விரும்புகிறோம். எந்த மாதம், எந்த வழி நல்லது? யானைகள் இருக்கும் என்கிறார்களே? (வவுனியா, பல்கலைக்கழக மாணவர்)

பதில்: வன்னியில் பயணத்தைத் திட்டமிடுபவர் முதலில் தூரத்தைப் பார்க்கக் கூடாது, காற்றைப் பார்க்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு வருவதால், அது நம்மிடம் வெறும் வரண்ட காற்றாக வந்து சேர்கிறது. முற்பகலில் வெயில் ஏற ஏற அதன் வேகமும் ஏறும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வீதி கிழக்கு நோக்கிச் செல்வதால், அந்த மாதங்களில் காற்று உங்கள் முதுகைத் தள்ளிக்கொண்டே வரும். ஆனால் அதே நாளில் திரும்பி வர நினைத்தீர்களானால், போகும்போது பெற்றதை வட்டியோடு திருப்பிக் கொடுக்க நேரும். எனவே முல்லைத்தீவில் இரவு தங்கி, மறுநாள் விடிந்ததும், காற்று எழும்ப முன்னர் திரும்புங்கள். இல்லையேல் சைக்கிள்களை வாகனத்தில் ஏற்றிவிடுங்கள். வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கி, கடற்கரையில் தொடங்கி மாங்குளத்தில் முடிக்கலாம்.

எந்த மாதம் என்று கேட்டால், நான் தயங்காமல் தை பிற்பகுதியையும் மாசியையும் சொல்வேன். மழை ஓய்ந்திருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும், காலபோக நெல் மஞ்சளாகி நிற்கும், எட்டு மணி வரை பனிக்குளிர் இருக்கும். அறுவடை தொடங்கியதும் தார் வீதியின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பிக் காயப் போடுவார்கள். அது ஒரு குடும்பத்தின் ஆறுமாத உழைப்பு என்பதால் அதன் மேல் ஓடக் கூடாது என்பது ஒன்று. உலர்ந்த நெல்மணி ரயருக்கு அடியில் உருளும் என்பதால், வளைவில் முன்சில்லு வழுக்கி விழ நேரும் என்பது மற்றது.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் இளைப்பாறலாம். அங்கிருந்து முத்தையன்கட்டுக் குளத்துக்குத் திரும்பும் வீதி, இந்தப் பயணத்தில் நான் மிகவும் விரும்பும் பகுதி. மருத மரங்களும் பாலை மரங்களும் நிழல் தர, வாகனம் எப்போதாவது ஒன்று போகும். யானை நடமாட்டம் உள்ள பகுதியும் அதுவே. பொழுது சாய்ந்த பின்னரும் விடியுமுன்னரும் அங்கே ஓடாதீர்கள். வீதியில் சூடு ஆறாத இலத்தியைக் கண்டால் அங்கேயே நின்று, அடுத்து வரும் வாகனத்துக்காகக் காத்திருங்கள். யானையே எதிர்ப்பட்டால் மணி அடிப்பதோ சத்தமிடுவதோ ஆகாது. தூரத்திலேயே நின்று மெதுவாகத் திரும்பிவிடுங்கள். சுமையோடு ஓடும் சைக்கிளை விட யானை வேகமாக ஓடும். முள்ளியவளைக்கு அப்பால் வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலைத் தொட்டு, நந்திக்கடல் ஓரமாகச் செல்லலாம். வைகாசிப் பொங்கல் நாட்களில் மட்டும் அந்த வழியில் அமைதியை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: காட்டுக்குள் செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் ஓடலாமா? (புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: ஊர் மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் பாதையைத் தவிர வேறெதிலும் இறங்க வேண்டாம். மிதிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. பெரும்பாலான நிலம் துப்புரவாக்கப்பட்டும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை. சிவப்பு அபாயப் பலகையைக் கண்டால் திரும்புங்கள். பலகை இல்லாத இடம் பாதுகாப்பானது என்றும் எண்ண வேண்டாம். வெள்ளம் மண்ணை அரித்து, புதைந்தவற்றை வேறிடத்துக்குக் கொண்டுபோகும். சிறுநீர் கழிக்கவோ படம் எடுக்கவோ பற்றைக்குள் பத்தடி வைப்பதையும் தவிருங்கள். இது ஒன்றில் நான் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கேள்வி: கிறவல் வீதியில் ஓடினால் வாரம் ஒருமுறை ரியூபில் காற்றுப் போகிறது. தடித்த ரயர் போட்டும் பயனில்லை. (மல்லாவி, ஆசிரியை)

பதில்: குற்றவாளி நெருஞ்சியாகத்தான் இருக்கும். ஒருமுறை நெடுங்கேணி வீதியில், ஒரே காலையில், ஒரே இடத்தில் மூன்று முறை ஒட்டுப் போட்டேன். மூன்றாம் முறைதான் ரயரை முழுவதுமாகக் கழற்றி, உட்பக்கத்தில் துணி சுற்றிய பெருவிரலால் தடவிப் பார்த்தேன். ஒடிந்த முள்ளின் நுனி ஒன்று, எள்ளின் பாதியளவுதான் இருக்கும், இறப்பருக்குள் சாய்வாகப் புதைந்து கிடந்தது. காற்று நிரம்பியதும் மட்டும் அது ரியூபைத் தொட்டிருக்கிறது. ஆகவே ஒட்டுப் போடுவதற்கு முன் முள்ளைத் தேடுங்கள். அதைக் குறட்டால் இழுத்தால் இன்னும் ஒடியும். ஊசியால் வெளிப்பக்கமாகத் தள்ளி எடுங்கள். சைக்கிளை வயல் வரம்பில் சாய்த்து வைத்துவிட்டு அப்படியே ஏறி ஓடாமல், இரண்டு சில்லுகளையும் ஒரு சுற்றுச் சுழற்றிப் பார்த்து, ஒட்டியிருப்பதைத் தட்டிவிடும் பழக்கம் வந்துவிட்டால், உங்கள் ஒட்டுச் செலவு பாதியாகும்.

கேள்வி: வரும் செப்டெம்பரில் பிரான்சில், ஸ்ட்ராஸ்பேர்க்கில் இருக்கும் அண்ணாவிடம் போகிறேன். அங்கே கொடிமுந்திரித் தோட்டங்களுக்கு நடுவே குன்றுகளில் சைக்கிள் ஓடலாம் என்கிறார். மலையே இல்லாத வன்னியில் அதற்கு எப்படிப் பழகுவது? (வவுனியா வாசகர்)

பதில்: நல்ல இடத்துக்குப் போகிறீர்கள். ஸ்ட்ராஸ்பேர்க் இருக்கும் அல்சாஸ் பகுதியின் வைன் வீதி 1953 இல் அமைக்கப்பட்டது. மார்லென்ஹைம் என்ற ஊரிலிருந்து ‘தான்’ (Thann) என்ற ஊர் வரை, வொஸ்ஜ் மலையின் கிழக்கு அடிவாரம் நெடுக, ஏறத்தாழ 170 கிலோமீற்றர் நீள்கிறது. அதற்கு இணையாக, கார்கள் குறைந்த சிறு வீதிகளையும் தோட்டப் பாதைகளையும் இணைத்து சைக்கிள் வழி ஒன்றும் உண்டு. நீங்கள் பிடிக்க வேண்டியது அதைத்தான். மேற்கிலிருந்து வரும் மழையை வொஸ்ஜ் மலை தடுத்துவிடுவதால், கொல்மார் நகரம் பிரான்சிலேயே மழை மிகக் குறைந்த நகரங்களுள் ஒன்று. சோளகம் நம்மிடம் வரண்டு வருவதும், அங்கே திராட்சை இனிப்பதும் ஒரே வகைக் காரணத்தால்தான்.

பழகுவதற்கு மலை தேவையில்லை, காற்றே போதும். நிமிர்ந்து அமர்ந்து ஓடுபவர், மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் எதிர்காற்றில் 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடச் செலவிடும் வலு, நூறு மீற்றருக்கு ஐந்து மீற்றர் உயரும் ஏற்றத்தில் மணிக்குப் பத்து கிலோமீற்றர் ஏறுவதற்கான வலுவுக்கு ஏறத்தாழச் சமம் என்பது என் கணக்கு. ஆகவே ஆனி, ஆடி மாதங்களில், வாரம் இருமுறை, முற்பகல் பத்து மணியளவில், தென்மேற்கு நோக்கி இருபது நிமிடம் நிறுத்தாமல் மிதியுங்கள். பின்னர் காற்றோடு இளைப்பாறித் திரும்புங்கள். தண்ணீர் இரண்டு போத்தல் கட்டாயம். வெட்டவெளியில் காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழந்தது என்பது தெரியாமலே போகும்.

காற்றில் பழக முடியாதது இறக்கம் மட்டுமே. பிறேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல், வளைவுக்கு முன் அழுத்தி, வளைவில் தளர்த்துவதை முதல் நாளிலேயே ஒரு சிறு குன்றில் பழகிக்கொள்ளுங்கள். அங்கே வாடகைக்கு எடுக்கும்போது, பின்சில்லில் பெரிய பற்சக்கரம் உள்ள சைக்கிளாகக் கேளுங்கள். செப்டெம்பர் அறுவடைக் காலம். குறுகிய தோட்டப் பாதையில் பழம் ஏற்றிய உழவு இயந்திரம் வந்தால், நம்மூரில் நெல் மூட்டை ஏற்றி வரும் உழவு இயந்திரத்துக்கு ஒதுங்குவது போல ஒதுங்கி நில்லுங்கள். வழியில் வைன் சுவைக்கக் கொடுப்பார்கள். ஒரு லீற்றர் இரத்தத்தில் 0.5 கிராம் மதுசாரம் என்ற எல்லை அந்த நாட்டில் சைக்கிள் ஓடுபவருக்கும் பொருந்தும். சுவைப்பதை அன்றைய ஓட்டம் முடிந்த ஊரில் வைத்துக்கொள்ளுங்கள்.