சிங்கப்பூரில் பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறினால் அட்டை கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறது? ஒருநாள் சில காசுகளும் மறுநாள் முழுக் கட்டணமும் பிடித்தது ஏன்?

சென்னையிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருக்கும் ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். முதல் நாள் பேருந்தில் வந்து எம்ஆர்டி ரயிலுக்கு மாறியபோது ரயில் நிலைய வாயில் சில காசுகளை மட்டுமே கழித்துக்கொண்டதாம். மறுநாள் அதே பேருந்து, அதே ரயில். ஆனால் இரண்டுக்கும் தனித்தனியாக முழுக் கட்டணம் போய்விட்டது. நடுவில் உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்கிறார். அந்தச் சாப்பாடுதான் காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது எப்படிக் காரணமாயிற்று என்பதைப் புரிந்துகொள்ள, அட்டை எதை நினைவில் வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வண்டி மாறுபவருக்கு அட்டை தள்ளுபடி தருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே நடப்பது ஒரு கழித்தல் கணக்கு. இரண்டாவது வண்டியிலிருந்து நீங்கள் வெளியேறும்போது, பயணத்தின் தொடக்கத்திலிருந்து அதுவரை கடந்த மொத்தத் தூரத்துக்கு என்ன கட்டணம் என்று பார்க்கப்படுகிறது. அதிலிருந்து முந்தைய வண்டியில் ஏற்கெனவே கொடுத்தது கழிக்கப்படுகிறது. மீதி மட்டும் பிடிக்கப்படுகிறது. 2024 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி, பெரியவர்கள் அட்டையில் செலுத்திய குறைந்தபட்சக் கட்டணம் 3.2 கிலோமீட்டர் வரை 1.19 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) இருந்தது; அதையே உதாரணமாகக் கொள்வோம். பேருந்தில் மூன்று கிலோமீட்டரும் ரயிலில் மூன்று கிலோமீட்டரும் தனித்தனிப் பயணங்களாகப் போனால் 2.38 வெள்ளி ஆகும். அதையே ஆறு கிலோமீட்டர் கொண்ட ஒரே பயணமாகக் கொண்டால் ஒன்றரை வெள்ளிக்குள் முடிந்துவிடும். நீங்கள் பார்த்த ‘சில காசுகள்’ இந்த இரண்டாவது கணக்கின் மீதி. பேருந்தில் ஒரு கிலோமீட்டர், ரயிலில் இரண்டு கிலோமீட்டர் என்றால் மொத்தமே முதல் 3.2 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், ரயிலுக்கு எதுவும் பிடிக்காது. வாயிலில் பூஜ்யத்தைக் கண்டு இயந்திரம் பழுதாகிவிட்டது என்று நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த முறை 2010 ஜூலை 3 அன்று வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு வண்டியிலும் ஏறும்போது அடிப்படைக் கட்டணம் புதிதாகத் தொடங்கும். மாறிச் செல்பவருக்கு ஒரு சிறு தொகை மட்டும் திருப்பித் தரப்படும். ஆகவே நேர்வழிப் பேருந்து சுற்றிக்கொண்டு போனாலும், மாறினால் செலவு கூடும் என்று அதிலேயே உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

இந்தக் கணக்கு எங்கே நடக்கிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்தமான பகுதி. இந்தப் பயண அட்டை, ஈஸி-லிங்க் என்ற பெயரில் 2002 ஏப்ரலில் அறிமுகமானபோது, ஓடிக்கொண்டிருக்கும் பேருந்து ஒவ்வொரு பயணியைப் பற்றியும் ஒரு மையக் கணினியிடம் கேட்டுப் பதில் பெறுவது நடக்கிற காரியமாக இல்லை. எனவே பயணத்தின் நினைவை அட்டையின் சில்லிலேயே எழுதி வைத்தார்கள். இருப்புத் தொகை, கடைசியாக எந்தப் பேருந்தில் அல்லது எந்த நிலையத்தில் தட்டினீர்கள், எத்தனை மணிக்கு, அதுவரை எவ்வளவு கொடுத்தீர்கள் ஆகிய விவரங்கள் உங்கள் சட்டைப் பையிலேயே பயணம் செய்கின்றன. அட்டையைத் தட்டும் அந்த ஒரு கணத்துக்குள் கருவி பழைய குறிப்பைப் படித்து, கட்டணத்தைக் கணக்கிட்டு, புதிய இருப்பையும் புதிய குறிப்பையும் எழுதிவிட வேண்டும். அவசரத்தில் அட்டையைச் சட்டென்று இழுத்துக்கொண்டால் மீண்டும் தட்டச் சொல்வது இதனால்தான். எழுதுவது பாதியில் நின்றால் பணம் போய்க் குறிப்பு பதியாமல் விட்டுப்போகும் நிலை வரக் கூடாது; முழுதாக எழுத வேண்டும், அல்லது பழைய நிலையே இருக்க வேண்டும்.

ஆனால் அட்டைக்குத் தெரிவது தட்டிய இடமும் நேரமும் மட்டுமே. நீங்கள் நடுவில் என்ன செய்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. இரண்டு தட்டல்கள் ஒரே பயணத்தைச் சேர்ந்தவையா, இரண்டு வேறு பயணங்களா என்பதைச் சில விதிகளைக் கொண்டு ஊகிப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. ஒரு பயணத்துக்குள் ஐந்து முறை வரை மாறலாம். ஒரு வண்டியிலிருந்து இறங்கித் தட்டியதற்கும் அடுத்ததில் ஏறித் தட்டுவதற்கும் இடையே 45 நிமிடங்களுக்கு மேல் போகக் கூடாது. முழுப் பயணத்துக்கும் இரண்டு மணி நேரம். நம் நண்பர் அகப்பட்டுக்கொண்டது இந்த 45 நிமிடத்தில்தான்: சாப்பாடு நீண்டது, அட்டை முதல் பயணத்தை முடிந்ததாகக் கொண்டது, ரயில் வாயில் புதிய கணக்கைத் திறந்தது.

இன்னொரு விதியில் நானும் ஒருமுறை அகப்பட்டேன். வீட்டில் கறிவேப்பிலை தீர்ந்துவிட்டதென்று தேக்கா சந்தைக்குப் பேருந்தில் போய், பத்தே நிமிடத்தில் வாங்கிக்கொண்டு, சாலையைக் கடந்து, திரும்பும் பேருந்தில் ஏறினேன். 45 நிமிடம் ஆகவில்லையே, மீதிக் காசுதான் பிடிக்கும் என்று இருந்தேன். முழுக் கட்டணம் போயிற்று. சற்று முன் இறங்கிய அதே எண் கொண்ட பேருந்தில் மறுபடி ஏறினால் அது மாறிச் செல்லுதல் ஆகாது. போனவர் திரும்பி வருகிறார் என்றே கருவி கொள்கிறது. என் விஷயத்தில் அந்த ஊகம் சரியாகவே இருந்தது. வேறு எண் கொண்ட பேருந்து அதே வழியில் வந்தால் அதில் திரும்பி, ஒரே பயணமாகக் காட்டிக்கொள்ளும் சாமர்த்தியசாலிகள் இங்கே இருக்கிறார்கள். ஊகத்தின் அடிப்படையில் இயங்கும் எந்த முறையிலும் இப்படி ஓர் இடுக்கு இருக்கத்தான் செய்யும். ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்காக அதை அடைக்கப் போவதில்லை.

ரயில் பக்கம் வேறொரு சிக்கல். பொதுவாக ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நிலையத்துக்குள்ளேயே மாறிவிடலாம். அட்டைக்கு வேலையே இல்லை. ஆனால் தெம்பனிஸ், நியூட்டன் போன்ற நிலையங்களில் டௌன்டவுன் தடத்துக்குப் போக வேண்டுமென்றால் கட்டண வாயிலைத் தட்டி வெளியே வந்து, சற்று நடந்து, மறு வாயிலில் தட்டி உள்ளே போக வேண்டும். முதல்முறை வருபவர் பயணம் முடிந்துவிட்டதோ என்று அங்கே திகைப்பது இயல்பு. முடியவில்லை, 15 நிமிடத்துக்குள் உள்ளே போய்விட்டால் கணக்கு தொடரும். 2019 டிசம்பர் இறுதி முதல், ஒரு நிலையத்தில் வெளியேறி அருகிலுள்ள வேறொரு நிலையத்துக்கு நடந்துபோய் ஏறுவோருக்கும் இந்த 15 நிமிடச் சலுகை கிடைத்தது. தெம்பனிஸ், நியூட்டன் போல வெளியே வந்து தடம் மாற வேண்டிய நிலையங்களைத் தவிர, வெளியேறிய அதே நிலையத்தில் மீண்டும் நுழைந்தால் மட்டும் அது புதுப் பயணம்.

ரயிலில் வாயில் உங்களை விடாது என்பதால் வெளியேறும்போது தட்ட மறக்க முடியாது. பேருந்தில் மறக்கலாம். மறந்தால், அந்தப் பேருந்தின் கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கொண்டு கட்டணம் பிடிக்கப்படும். எங்கே இறங்கினீர்கள் என்று தெரியாதபோது தூரத்தைக் கணக்கிட வேறு வழியில்லை.

இதுவரை சொன்னது நினைவு அட்டையிலேயே இருக்கும் பழைய முறை. 2019 முதல் சிம்ப்ளிகோ என்ற இன்னொரு முறையும் உடன் நடக்கிறது. வங்கி அட்டையையோ கைப்பேசியையோ தட்டலாம். அதில் பயணக் குறிப்பு எதுவும் எழுதப்படுவதில்லை. யார், எங்கே, எப்போது என்பது மட்டும் மையக் கணினிக்குப் போய், தட்டல்கள் அங்கே ஒன்றுசேர்க்கப்பட்டு, கட்டணம் பிறகு முடிவாகிறது. மாறும் விதிகள் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் தட்டும் கணத்தில் கருவிக்கே கட்டணம் தெரியாததால், எவ்வளவு பிடித்தது, எவ்வளவு மிச்சம் என்று அங்கேயே காட்ட முடிவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். 2024 ஜனவரியில், பெரியவர்களுக்கான பழைய ஈஸி-லிங்க் அட்டைகளை ஜூன் 1 முதல் நிறுத்தப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தபோது எழுந்த அதிருப்தியில் பெரும்பங்கு, வாயிலில் தெரியும் கட்டணமும் இருப்பும் மறைந்துபோவதைப் பற்றியதே. இரண்டே வாரத்தில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. பழைய முறையை நீட்டிக்க அரசாங்கம் கூடுதலாக 4 கோடி வெள்ளி செலவிடும் என்றார்கள். வாயிலில் இருப்பைப் பார்த்துவிட்டே நகரும் முதியவர்களின் பக்கமே நானும்.

ஒரே அட்டை என்பதும் ஒரே கட்டணம் என்பதும் வேறு வேறு என்பதையும் சொல்ல வேண்டும். லண்டனில் ஓர் அட்டையைக் கொண்டே எல்லாவற்றிலும் போகலாம். ஒரு மணி நேரத்துக்குள் பேருந்துகளிலும் டிராம்களிலும் எத்தனை முறை மாறி ஏறினாலும் ஒரு கட்டணம்தான். ஆனால் பேருந்திலிருந்து பாதாள ரயிலுக்கு மாறினால் ரயில் கட்டணம் தனி. நீங்கள் சென்னையில் பயன்படுத்தும் சிங்காரச் சென்னை அட்டையும் மாநகரப் பேருந்து, மெட்ரோ இரண்டிலும் செல்லும். அட்டையில் குறிப்பு எழுதுவது எளிய வேலை. இரண்டாவது முறை பிடிக்காமல் விட்ட அடிப்படைக் கட்டணத்தை யார் பொறுத்துக்கொள்வது என்பதுதான் கடினமான கேள்வி. இங்கே 2016 முதல் பேருந்துக் கட்டண வருவாய் அரசாங்கத்துக்குப் போகிறது. பேருந்து நிறுவனங்கள் ஓட்டுவதற்கான ஒப்பந்தத் தொகையைப் பெறுகின்றன. பயணி எந்த வண்டியில் எவ்வளவு கொடுத்தார் என்று அவை தம்முள் வழக்காட வேண்டியதில்லை.

நண்பருக்கு நடைமுறையில் பயன்படும் இரண்டு செய்திகள். பேருந்தில் எதைத் தட்டினீர்களோ அதையே ரயிலிலும் தட்டுங்கள். கைப்பேசியில் ஏற்றிய வங்கி அட்டையும் பணப்பையில் உள்ள அதே வங்கி அட்டையும் இந்தக் கணக்கில் இரு வேறு ஆட்கள். நடுவில் சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால், 45 நிமிடம் தட்டு மேசைக்கு வந்த பிறகு தொடங்குவதில்லை, பேருந்தில் இறங்கித் தட்டியபோதே தொடங்கிவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். மதிய நேரத்தில் நல்ல கடையின் வரிசையே அதில் கால் மணி நேரத்தைத் தின்றுவிடும்.