காதுக்குள்ளே ஒன்றரை லட்சம்

போன இதழில் விலை உயர்ந்த ஐ.இ.எம். மூன்றைக் கேட்டுவிட்டு எழுதியிருந்தேன்: சென்ஹைசர் ஐ.இ.900, சோனி ஐ.இ.ஆர்.-இசட்1ஆர், 64 ஆடியோ யு12டி. ஐ.இ.எம். என்றால் காதுத் துளைக்குள் செருகி, வெளிச்சத்தத்தை அடைத்துவிட்டுக் கேட்கிற ரகம். மேடையில் பாடுகிறவர்கள் போட்டிருப்பார்களே, அது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள நம்ம பக்கத்து ஆட்கள் எழுதியவை. திட்டியும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களையும் விடவில்லை.

வாசகர், ராயபுரம்: சார், சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் யு12டி வாங்கலாம் என்று, வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் வாங்கி ஒரு மணி நேரம் கேட்டேன். என்னுடைய இரண்டாயிரம் ரூபாய் சீன இயர்போனுக்கும் அதற்கும் பெரிசாக வித்தியாசமே தெரியவில்லை. நண்பர், ‘உனக்குக் காது சரியில்லை’ என்கிறார். நிஜமாகவே என் காதில் கோளாறா?

கோளாறு எதுவும் இருக்காது. அவ்வளவு காசைக் கொட்டியவர் வேறு என்னதான் சொல்வார்? யு12டி வெளிவந்தபோது அமெரிக்காவில் வைத்த விலையே 1,999 டாலர். இங்கே வந்து சேரும்போது ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

முதலில், உங்கள் இரண்டாயிரம் ரூபாய் சரக்கைக் குறைத்து எடைபோடாதீர்கள். ஹார்மன் என்கிற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஓலிவ் என்கிற ஆராய்ச்சியாளரின் குழுவினர் நிறையப் பேரை உட்காரவைத்துக் கேட்கவிட்டு, எந்த மாதிரி ஒலிச் சமநிலை பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கிறது என்று ஒரு வளைகோடு போட்டுக் கொடுத்தார்கள். சீன கம்பெனிகள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மலிவான இயர்போனையும் டியூன் செய்ய ஆரம்பித்துவிட்டன. அதனால் பேஸ் (கீழ்ச் சத்தம்) எவ்வளவு, குரல் எவ்வளவு, ட்ரெபிள் (மேல் சத்தம்) எவ்வளவு என்கிற கணக்கில் இன்றைக்கு இரண்டாயிரமும் இரண்டு லட்சமும் ரொம்ப தூரத்தில் இல்லை. வித்தியாசம் மிச்சமிருப்பது சின்னச் சின்ன இடங்களில். அந்த இடம் எது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் கேட்டால் யாருக்கும் பிடிபடாது, எனக்கும் முதல் வாரம் பிடிபடவில்லை.

அப்புறம், எப்படிக் கேட்டீர்கள்? போனில் வால்யூமை ஒரே கோட்டில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டிருந்தால் அந்த ஒப்பீடு செல்லாது. ஒவ்வொரு இயர்போனுக்கும் அதே வால்யூமில் வருகிற சத்தம் வேறு. சத்தம் ஒரு டெசிபல் கூடினால்கூட நம் காது அதை ‘சத்தம் ஜாஸ்தி’ என்று சொல்லாது, ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்லும். இயர்போன் விற்கிற பாதிப் பேர் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். இரண்டிலும் பாடகரின் குரல் ஒரே அளவில் கேட்கும்வரை கூட்டிக் குறைத்துக்கொண்டு, அதன் பிறகு கேளுங்கள்.

நான் கேட்கிற முறையைச் சொல்கிறேன். கச்சேரிப் பதிவு ஒன்றை எடுத்து, பாட்டை விட்டுவிட்டுத் தம்பூராவை மட்டும் பிடித்துக்கொண்டு போவேன். மலிவான இயர்போனில் தம்பூரா பின்னால் விரித்த ஜமுக்காளம் மாதிரி ஒரே பரப்பாகக் கிடக்கும். யு12டி-யில் நாலு தந்தியும் ஒன்றன்பின் ஒன்றாக மீட்டப்படுவது தெரிகிறது, பாடகர் மேல் ஸ்தாயிக்குப் போகும்போதுகூட அது மறைவதில்லை. அடுத்தது மிருதங்கத்தின் இடது பக்கம். தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டியிருப்பார்கள், அதனால்தான் அந்தத் ‘தொம்’ கீழே இறங்கி இழுத்துக்கொண்டு நிற்கிறது. மலிவானதில் ‘தொம்’ வரும், இழுப்பு பாதியில் அறுந்துவிடும். சோனி இசட்1ஆரில் அந்த இழுப்பு கடைசிவரை போய்த் தேய்வதைக் கேட்கலாம், தாடையில்கூட உறைக்கிற மாதிரி இருக்கும். அதே ‘தொம்’ யு12டி-யில் சடக்கென்று வந்து சடக்கென்று போய்விடுகிறது. சுத்தமாக இருக்கிறது, ஆனால் தோல் அதிர்கிற சுகம் கொஞ்சம் கம்மி.

இதற்குக் காரணம் உள்ளே இருக்கிற பொருள். யு12டி-யில் ஒரு காதுக்குப் பன்னிரண்டு பேலன்ஸ்டு ஆர்மேச்சர்கள். செவித்துணைக் கருவிகளில் இருக்கிற சாமான் அது: காந்தங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய தகடு ஆடும், அதில் பொருத்திய ஒரு சின்னக் கம்பி ஆட்டத்தைச் சவ்வுக்குக் கொண்டுபோகும். விவரம் காட்டுவதில் கெட்டி. ஆனால் காற்றைத் தள்ளுகிற வேலை பெரிய சவ்வுக்குத்தான் வரும். இசட்1ஆரில் பேஸுக்கென்றே 12 மி.மீ. டைனமிக் டிரைவர், அதாவது சவ்வு அதிர்ந்து சத்தம் எழுப்புகிற குட்டி ஸ்பீக்கர், இருக்கிறது, கூடவே ஒரு 5 மி.மீ. டைனமிக், ஒரு ஆர்மேச்சர். சென்ஹைசரோ வேறு பிடிவாதம்: 7 மி.மீ. டிரைவர் ஒன்றே ஒன்று, மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றுக்கும் அதுதான். மூன்றில் எனக்கு எது பிடித்தது என்று கேட்டால், கச்சேரிக்கு யு12டி. டோலக்கும் பேங்கோஸும் வைத்த கானாவுக்கு இசட்1ஆர், அதில் சந்தேகமே இல்லை. சென்ஹைசரில் ஒரே டிரைவர் என்பதால் குரலும் வாத்தியமும் ஒட்டு தெரியாமல் வருகிறது, ஆனால் மேல் பக்கம் கொஞ்சம் கூர்மை, ஜால்ரா சத்தம் சில பதிவுகளில் குத்துகிறது.

இன்னொன்று. நீங்கள் கேட்டது பழைய கேசட்டிலிருந்து யாரோ ஏற்றிவைத்த பாட்டாக இருந்தால், என்ன விலை கொடுத்தாலும் அதில் இல்லாதது வராது. நல்ல இயர்போன் அழுக்கையும் சேர்த்துப் பெரிசாகக் காட்டும். எனக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டில் நாடா இரைகிற ‘ஸ்ஸ்’ சத்தம் இப்போது முன்னால் வந்து நிற்கிறது, பல்லவியைக் கேட்க முடியவில்லை.

சீட்டுப் பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். பத்து பாட்டை எடுத்து, உங்கள் இரண்டாயிரம் ரூபாயிலேயே மனப்பாடமாகும்வரை கேளுங்கள். ஆறு மாதம் கழித்து நண்பருடையதை மறுபடி வாங்கி அதே பத்தைப் போடுங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால் வீட்டுக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கிவிடலாம்.

வாசகர், திருவொற்றியூர்: இசட்1ஆர்தான் பேஸுக்கு ராஜா என்று எழுதினீர்கள். கடைக்குப் போய்க் கேட்டேன். பேஸே இல்லை, தகர டப்பா. காசு வாங்கிக்கொண்டு எழுதினீர்களா?

காசு வாங்கியிருந்தால் பஸ்ஸில் ஏறிப் போய்க் கேட்டிருக்க மாட்டேன். உங்கள் காதில் அது அடைத்து உட்காரவில்லை, அவ்வளவுதான். டைனமிக் டிரைவர் காதுத் துளைக்குள் இருக்கும் துளியூண்டு காற்றை அழுத்தித்தான் பேஸைக் கொடுக்கிறது. ஓரத்தில் ஊசி நுழைகிற சந்து இருந்தால் போதும், பேஸ் அந்த வழியாகப் போய்விடும், மிச்சம் தகர டப்பாதான். இசட்1ஆரின் கூடு சிர்கோனியத்தில் செய்தது, பார்க்க அழகு, ஆனால் சைஸ் கடலை உருண்டை மாதிரி. சின்னக் காதுக்காரர்களுக்கு அது உட்காருவதே கஷ்டம், போன இதழிலேயே இதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

கடையில் மீடியம் டிப் (காதுக்குள் போகிற மெத்தென்ற முனை) ஒன்றை மட்டும் மாட்டி வைத்திருப்பார்கள். பெரிசு, சின்னது எல்லாம் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள், துடைத்துத் தரச் சொல்லவும் கூச்சப்படாதீர்கள். ஒரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்துக்கொண்டு செருகினால் துளை நிமிர்ந்து கொடுக்கும். போட்டபின் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி கேட்டால் அடைத்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. எனக்கு வலதில் மீடியம், இடதில் பெரிசு. ஃபோம் டிப் என்றால் விரலால் உருட்டி ஒல்லியாக்கிச் செருகி, அது உப்பும்வரை அரை நிமிஷம் பிடித்திருக்க வேண்டும்.

வாசகர், எண்ணூர்: ஒரு இயர்போனுக்கு இவ்வளவு காசா? இந்தக் காசுக்கு ஒரு பைக்கே வாங்கலாமே?

வாங்கலாம். பைக் ஓட்டும்போது இதைக் காதில் போடாதீர்கள், அது போதும்.

வாசகர், வியாசர்பாடி: அண்ணா, நான் கானா மேடைகளில் பாடுகிறேன். பக்கத்தில் தாளம் வாசிக்கிற சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்பதில்லை, கத்திக் கத்தித் தொண்டை போகிறது. ஐ.இ.எம். வாங்கினால் சரியாகுமா? இரவல் வாங்கி ஒருமுறை போட்டேன், என் குரல் உள்ளேயே மொத்துகிறது. அதனால் ஒரு காதில் மட்டும் போட்டுப் பாடினேன்.

சரியாகும் தம்பி, இந்தச் சாமான் பிறந்ததே உங்கள் பிரச்சினைக்குத்தான். 1995-இல் ஜெர்ரி ஹார்வி என்கிற சவுண்ட் என்ஜினீயர், வான் ஹாலன் என்கிற ராக் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹாலனுக்காகக் காது அச்சு எடுத்துச் செய்துகொடுத்தார், அதிலிருந்துதான் அல்டிமேட் இயர்ஸ் கம்பெனி வந்தது. மேடைச் சத்தத்தை வெளியே நிறுத்திவிட்டு, தேவையானதை மட்டும் குறைந்த அளவில் காதுக்குள் கொடுப்பதுதான் நோக்கம்.

ஒரு காதில் மட்டும் போடுகிற பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். கழற்றிவிட்ட காதில் தாளச் சத்தம் முழுசாக இறங்கும், அதை ஜெயிக்க மற்ற காதில் வால்யூமைக் கூட்டுவீர்கள், கடைசியில் இரண்டு காதும் அடி வாங்கும். இரண்டிலும் போட்டால் மூளை இரண்டையும் சேர்த்துக்கொள்வதால் குறைந்த சத்தமே போதும்.

குரல் மொத்துவதற்குக் காரணம், நாம் பாடும்போது எலும்பு வழியாக வருகிற அதிர்வு காதுத் துளையின் வெளிப்பாதியைக் குலுக்குகிறது. துளை திறந்திருந்தால் அது வெளியே போய்விடும், வாசலை மட்டும் மூடினால் உள்ளேயே சுற்றும். துளையின் இரண்டாவது வளைவைத் தாண்டி ஆழமாக உட்கார்ந்தால் இது நன்றாகக் குறையும். அதற்குத்தான் கஸ்டம் அச்சு, அதாவது உங்கள் காதுக்கென்றே அளவெடுத்துச் செய்வது. ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் பார்க்கிறவர்) போனால் உள்ளே ஒரு பஞ்சை வைத்துவிட்டு சிலிக்கோன் கலவையை ஊற்றி எடுப்பார். பாடகர் என்று சொல்லுங்கள், பல்லுக்கு நடுவே ஒரு கட்டையைக் கடிக்க வைத்து, வாய் திறந்த நிலையில் எடுக்க வேண்டும். வாயை மூடி எடுத்த அச்சு, வாயைத் திறந்து இழுத்துப் பாடும்போது சந்து விடும்.

ஆனால் கஸ்டம் செலவுக்கு முன்னால், ஷூர் எஸ்.இ.215 மாதிரி ஒரு ரெடிமேட் ஐ.இ.எம்.மை ஃபோம் டிப்போடு ஆழமாகப் போட்டு நாலு மேடை பாருங்கள். மேடைக்கு யு12டி எல்லாம் வேண்டவே வேண்டாம், வியர்வையில் ஊறப்போகிற சாமானுக்கு அவ்வளவு எதற்கு? மிக்ஸர்காரரிடம் உங்கள் குரலும் தாளமும் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் பாடும்போது குழப்பும். இடுப்பில் மாட்டுகிற ரிசீவரில், சத்தம் எல்லை மீறாமல் தடுக்கிற லிமிட்டர் வேலை செய்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மைக் ‘கீ’ என்று அலறும்போது அந்தச் சத்தம் நேராகச் செவிப்பறைக்கு அல்லவா வரும்.

வாசகர், பெரம்பூர்: வெள்ளி கேபிள் மாற்றினால் சவுண்ட் மாறுமா? புது இயர்போனை 200 மணி நேரம் ஓட விட்டால் சவுண்ட் திறந்துகொள்ளும் என்கிறார்களே?

ஓட விட்டால் பழகுவது உங்கள் காது. கேபிளில் பழுது இல்லையென்றால் மாற்றிப் பயனில்லை. இம்பீடன்ஸ் (இயர்போன் மின்சாரத்துக்குக் காட்டுகிற எதிர்ப்பு) சுருதிக்குச் சுருதி ஏறி இறங்குகிற சில ஆர்மேச்சர் இயர்போன்களில் கேபிளின் மின்தடை கொஞ்சம் விளையாடும், ஆனால் அதற்கு வெள்ளி தேவையில்லை. யு12டி-யில் அந்த ஏற்ற இறக்கத்தையே சமன் செய்து வைத்திருக்கிறார்கள். சடை பின்னிய கேபிள் பார்க்க ஜோராக இருக்கும் என்பதை மறுக்கவில்லை.

வாசகி, தண்டையார்பேட்டை: என் பையன் விம்கோ நகர் மெட்ரோவில் ஏறியதிலிருந்து ராத்திரி படுக்கும்வரை காதில் இதைத்தான் மாட்டியிருக்கிறான். நீங்கள் வேறு இதைப் புகழ்ந்து எழுதுகிறீர்கள். காது போய்விடாதா?

போகும் அம்மா, சத்தமாகக் கேட்டால் போகும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10, 90-க்குப் போனால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். பையன் தினமும் எத்தனை மணி நேரம் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அதே சமயம் பையன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நன்றாக அடைத்து உட்கார்கிற ஐ.இ.எம். ரயில் சத்தத்தை நிறையக் குறைத்துவிடுவதால், வால்யூமை ஏற்ற வேண்டிய தேவை வராது. வாசலில் தொங்குகிற சாதாரண இயர்போனைப் போட்டுக்கொண்டு ரயிலையும் ஷேர் ஆட்டோவையும் பாட்டால் ஜெயிக்கப் பார்க்கிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். வீட்டில் அமைதியான அறையில் என்ன வால்யூமில் கேட்கிறானோ அதற்கு மேல் வெளியே போகக் கூடாது என்று சொல்லுங்கள். கழற்றிய பிறகு காதில் ‘கொய்ங்’ என்று கேட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். தண்டவாளம் தாண்டும்போதும் ரோட்டைக் கடக்கும்போதும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாசகர், காசிமேடு: ஆறு மாதத்தில் இடது பக்கம் சத்தம் பாதியாகிவிட்டது. கடையில் டிரைவர் போச்சு, புதுசு வாங்கு என்கிறார்கள். நிஜமா?

இதே கதை எனக்கும் நடந்தது. ஒரு கடையில் ‘போச்சு’ என்றார்கள், நானும் நம்பிப் புதுசு வாங்கிவிட்டேன். பிறகு ஒருநாள் டிப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், முனையிலுள்ள வலை முழுக்கக் காதழுக்கு. காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால், வலை கீழ்ப்பக்கம் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு மெதுவாகத் தட்டி எடுத்தேன், பழையது உயிரோடு வந்துவிட்டது. இப்போது அது என் தங்கச்சியிடம் இருக்கிறது. ஊசியால் குத்தாதீர்கள், தண்ணீர் விடாதீர்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் கேபிளை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். குறை வலதுக்குப் போனால் கேபிள்தான், இயர்போனுக்கு ஒன்றுமில்லை. உங்கள் பக்கம் உப்புக்காற்று, கேபிள் முனை பச்சை பிடித்திருக்கும். ராத்திரி கழற்றியதும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். பொட்டலம் வேண்டுமென்றால் புது ஷூ டப்பாவில் கிடக்கும், தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள்.