கொள்ளைநோயும் லண்டன் நாடக அரங்குகளும்: கேள்வி பதில்

கேள்வி: நோய்க் காலத்தில் அரங்குகளை எந்தக் கணக்கில் மூடினார்கள்?

பதில்: வாராந்தரச் சாவுப் பட்டியலே அளவுகோல். 1604ஐ ஒட்டிய உரிமப் பத்திர வரைவு ஒன்று, கொள்ளைநோய்ச் சாவு வாரத்துக்கு 30க்குக் கீழே இறங்கினால்தான் நடிக்கலாம் என்கிறது. 1619இல் ‘அரசரின் குழு’ என்ற நாடகக் குழுவுக்கு அந்த வரம்பு 40. ஆயினும் எல்லா மூடலையும் நோயின் தலையில் கட்டிவிடாதீர்கள். 1592 ஜூனில் அரங்குகளை மூட வைத்தது லண்டனை ஒட்டிய சவுத்வார்க் பகுதியில் நடந்த கலவரம். நோய் பின்னால் வந்து அதை நீட்டித்தது.

கேள்வி: நடிகர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

பதில்: ஊர் ஊராகப் போனார்கள். 1593இல் பெம்புரோக் பிரபுவின் நாடகக் குழுவினருக்கு வழிச்செலவுக்கே வருமானம் போதாமல், நடிப்புக்கு உடுத்தும் உடைகளை அடகு வைத்துவிட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரிஸ்டலிலிருந்து நடிகர் எட்வர்ட் ஆலன், மாலைதோறும் வாசலிலும் கொல்லையிலும் தண்ணீர் தெளிக்கும்படியும் சன்னல்களில் அருவதா என்ற மூலிகையின் இலையை நிறைய வைக்கும்படியும் லண்டனில் இருந்த மனைவிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் காலத்து நாடகக்காரர் வாழ்வை அறிய இதைவிட நல்ல ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

கேள்வி: ஷேக்ஸ்பியர் ‘லியர் அரசன்’ நாடகத்தை நோய்க்கு அஞ்சி வீட்டில் அடைந்து கிடந்தபோது எழுதினாராமே?

பதில்: உறுதியாகத் தெரிவது, 1606 டிசம்பர் 26 அன்று அது அரசவையில் நடிக்கப்பட்டது என்பதே. எங்கே அமர்ந்து எழுதினார் என்பதற்குச் சான்று இல்லை.

கேள்வி: மூடல்கள் தூய்மைவாதிகள் எனப்பட்ட கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறித்தவர்களின் சூழ்ச்சிதானே? பாவமே கொள்ளைநோய்க்குக் காரணம், நாடகமே பாவத்துக்குக் காரணம் என்று 1577இல் தாமஸ் ஒயிட் பிரசங்கம் செய்யவில்லையா?

பதில்: செய்தார். ஆனால் நோய்க்காக நாடகங்களைத் தடுத்த 1593 ஜனவரி ஆணையைப் பிறப்பித்தது பிரசங்கியார் அல்லர், அரசியின் ஆலோசனைச் சபை. ஆலனின் புரவலரான கடற்படைத் தலைவர் ஹோவர்டே அதில் உறுப்பினர். நாடகத்தோடு கரடிச் சண்டையும் பந்துருட்டும் ஆட்டமும் தடுக்கப்பட்டன.

கேள்வி: தேவாலயங்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார்களே! அது சூழ்ச்சி இல்லையா?

பதில்: நல்ல பிடி, விலக்கு அளித்தது உண்மை, அதில் பாரபட்சம் இருந்ததையும் மறுக்கமாட்டேன். ஆனால் கூட்டத்தில் நோய் பரவும் என்று அஞ்சியவர்கள், வழிபாட்டை நிறுத்தினால் கடவுளின் சினம் கூடும் என்று அதைவிட அதிகமாக அஞ்சினார்கள். அதற்குப் பெயர் சூழ்ச்சி அன்று, அக்கால நம்பிக்கை.

கேள்வி: 1642இல் அரங்குகளை மூடியதும் இதே நோயால்தானே?

பதில்: இல்லை. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் நாடாளுமன்றம் மூடியது. முதல் பதிலிலேயே எச்சரித்தேன்.

கேள்வி: ‘லியர்’ எழுதப்பட்டது...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: நோயை விரட்ட நாடகம் போட்ட ஊர் உண்டா?

பதில்: இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியபடி, கி.மு. 364இல் ரோம் நகரம் தெய்வங்களைத் தணிவிக்க ரோமுக்கு வடக்கே இருந்த எட்ருஸ்கர் நாட்டு ஆடுநரை வரவழைத்தது. ரோமானிய நாடகத்தின் தொடக்கமாக அவர் காட்டுவது இதையே. நோய் தணியவில்லை. ஆட்டத்தின் நடுவே டைபர் ஆறு பெருகித் திடலை மூழ்கடித்தது. மறுஆண்டு, நோயைத் தணிக்கும் சடங்காகக் கோயில் சுவரில் ஆணி அடிப்பதற்கென்றே ஒரு சர்வாதிகாரியை, அதாவது முழு அதிகாரம் பெற்ற தற்காலிகத் தலைவரை, நியமித்தார்கள்.